விறகுக்காகவே மரம் வளர்க்கலாமா? கமுதிப் பக்கம் 6 ஏக்கர் மானாவாரி, ஒப்பந்தம் கேட்டு வந்திருக்கிறார்கள்

கரிசல்மகள்:

வணக்கம். கமுதிக்குத் தெற்கே எங்களுக்கு 6 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கரிசல். அப்பா போன பிறகு 2 ஏக்கரில் மட்டும் அம்மா மிளகாயும் சோளமும் போடுகிறார். மீதி 4 ஏக்கரைச் சீமைக் கருவை எடுத்துக்கொண்டுவிட்டது. உள்ளே நுழைய வழி கிடையாது.

போன மாதம் ஒரு நிறுவனத்தின் முகவர் வீட்டுக்கு வந்தார். ‘எரிசக்தித் தோட்டம்’ என்கிறார்கள். 6 ஏக்கரையும் சுத்தம் செய்து சவுண்டல் (சூபாபுல்) மரத்தை நெருக்கமாக நட வேண்டும். கன்று அவர்கள் தருவார்கள், அந்தப் பணத்தை முதல் வெட்டில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு வெட்டு, 12 வருட ஒப்பந்தம். வெட்டிய மரம் மின் நிலையத்துக்குப் போகும். நிலக்கரி எரித்தால் பூமிக்குள் கிடந்த கரி வெளியே வருகிறது, வளர்த்த மரத்தை எரித்தால் அடுத்த வளர்ச்சி அந்தப் புகையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் பயமும் இருக்கிறது. 2006இல் என் சித்தப்பா 3 ஏக்கரில் காட்டாமணக்கு வைத்தார். தரிசில் வரும், தண்ணீர் வேண்டாம், விதையிலிருந்து டீசல் எடுப்பார்கள் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு இருந்தது, காய்க்கத்தான் இல்லை. கன்று கொடுத்தவர்கள் மூன்றாம் வருடம் போனை எடுக்கவில்லை. கிடைத்த நாலு மூட்டை விதையை வாங்கவும் ஆள் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் வெட்டி வேலியில் போட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் படித்ததே கரிமூட்டப் பணத்தில்தான். கருவங்கட்டையை நெருக்கி அடுக்கி, மேலே தழை போட்டு, ஈர மண்ணைப் பூசி, வாயில் தீ வைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் ராத்திரி முறை வைத்துக் காவல் இருப்பார்கள். எங்கேயாவது மண் விரிசல் விட்டுத் தீ உள்ளே காற்றைப் பிடித்தால் அத்தனையும் சாம்பல். முதலில் வெள்ளைப் புகை பொதபொதவென்று வரும். அது மெலிந்து நீலமாக மாறினால் மூட்டம் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆறாவது படிக்கும்போது அந்த நீலத்தைப் பார்த்து நான்தான் ஓடிப்போய் அப்பாவை எழுப்புவேன்.

அதனால் விறகு எனக்குப் புதிது இல்லை. விறகைப் பயிராக நடுவதுதான் புதிது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடலூர்ச்சவுக்கு:

தங்கச்சி, நாங்கள் மூன்று தலைமுறையாகச் சவுக்குதான். எங்கள் பக்கம் மணல் கலந்த செம்மண். உங்கள் கரிசலுக்குச் சவுக்கு ஆகாது. மழைக்காலத்தில் வேர்ப் பக்கம் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் ‘சவுக்கு போடு’ என்று சொல்ல வரவில்லை, எங்கள் அனுபவத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

விறகுக்காக மரம் நடுவது நம் ஊருக்குப் புதிது கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் பக்கம் கடற்கரையில் சவுக்குத் தோப்பு போட்டதே ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்றுதான். நிலக்கரி வந்ததும் ரயில் விறகை விட்டுவிட்டது, சவுக்கு மட்டும் நிலைத்துவிட்டது. ஏன் நிலைத்தது? அதற்கு வேறு வேலை இருந்தது. கொட்டகைக்குக் கழி, கட்டடத்துக்குச் சாரம், அப்புறம் காகித ஆலை.

இன்றைக்கு நான் தோப்பு வெட்டினால் கட்டை காகிதத்துக்குப் போகிறது. நேராக இருக்கிறது கழிக்குப் போகிறது. மிளாறு செங்கல் சூளைக்கும் பேக்கரிக்கும். தூர் கடைசியில் அடுப்புக்கு. எரிக்கப் போகிறது என்பது எப்போதும் வால்தான், தலை வேறு எங்கோ இருக்கும். அத்தனையையும் எரிக்கத்தான் வளர்க்கிறேன் என்றால், டன்னுக்கு மிகக் குறைவான விலை எதுவோ அதையே முழுப் பயிருக்கும் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று பொருள்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் எங்களை அடித்தது. என் தோப்புக்கு அப்போது இரண்டு வயது. விடிந்து போய்ப் பார்த்தேன். மொத்தத் தோப்பும் ஒரே திசையில் தலைசாய்த்துத் தரையில் படுத்திருந்தது, சீப்பு வைத்து வாரிய மாதிரி. அந்த வாரம் கடலூர் மாவட்டம் முழுக்க எல்லாரிடமும் விறகுதான் இருந்தது, வாங்க ஆள் இல்லை. விறகு தவிர வேறு எதற்கும் ஆகாது என்ற நிலைக்கு மரம் வந்துவிட்டால் விலை எப்படி விழும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். 12 வருடம் ஒரே ஆளுக்கு விற்கக் கையெழுத்துப் போடும் முன்னால் இதை யோசியுங்கள்.

வனக்கல்லூரிப்பையன்:

மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவன். இந்த யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

குறுகிய காலச் சுழற்சி மரப்பயிர் என்பது நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை. அடிப்படை மறுதாம்புதான். கரும்பில் செய்வது போலவே. முதல் தடவை வெட்டும்போது கீழே வேர் முழுசாக இருக்கிறது, அதில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. வெட்டிய தூரிலிருந்து வரும் குருத்து அந்த இருப்பில் வளர்வதால் புதுக் கன்றைவிட வேகமாக ஏறும். உழவு, நடவு, களையெடுப்பு எல்லாம் ஒரு தடவையோடு முடிந்தது. தைலமரம், சவுண்டல், கிளைரிசிடியா மூன்றும் நன்றாக மறுதாம்பு விடும். நாம் வழக்கமாகப் போடும் சவுக்கு விடாது. அதனால்தான் கடலூர் அண்ணன் ஒவ்வொரு முறையும் புதிதாக நட வேண்டியிருக்கிறது.

சவுண்டல் அவரை இனம், வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும். சவுக்கும் சேர்க்கும், ஆனால் அதற்குப் பிராங்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர். ஆகவே யூரியா செலவு குறைவு. ஆனால் இலையை நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். சத்தில் பெரும்பங்கு இலையிலும் மெல்லிய கொம்பிலும் பட்டையிலும்தான் இருக்கிறது. இலையோடு சேர்த்து வாரிக்கொண்டு போனால் பத்து வருடத்தில் மண் வெறுமையாகிவிடும்.

சவுண்டலில் இரண்டு எச்சரிக்கை. 1980களின் கடைசியில் இலைப்பேன் போன்ற ஒரு பூச்சி வந்து இந்தியா முழுக்கச் சவுண்டலை மொட்டையடித்தது. ஒரே மரத்தை ஏக்கர் கணக்கில் நட்டால் அந்த ஆபத்து எப்போதும் உண்டு. இரண்டாவது, அது விதையைக் கொட்டும். 12 வருடம் கழித்து நிலத்தைத் திரும்ப எடுக்க நினைத்தால் சீமைக் கருவையை எடுத்த இடத்தில் சவுண்டல் நிற்கும்.

புதுகைக்கண்மாய்:

அக்கா, நான் புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் பக்கம் மேட்டுக்காட்டில் தைலமரம் போட்ட கதையை நீங்கள் கேட்க வேண்டும். எல்லாரும் மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்றே பேசுகிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய சங்கடம், மரத்துக்கு நீர் நிற்பதற்காக வரிசைக்கு வரிசை வெட்டிய குழிதான். மழை பெய்தால் மேட்டிலிருந்து ஓடி வந்து வரத்துக்கால் வழியாகக் கண்மாயில் விழ வேண்டிய தண்ணீர் அந்தக் குழியிலேயே நின்றுவிடுகிறது. நல்ல மழை பெய்த வருடத்திலும் எங்கள் கண்மாய் பாதிதான் நிறைந்தது. கீழே நெல் வைத்தவர்களுக்கும் மேலே மரம் வைத்தவர்களுக்கும் சண்டை வந்தது.

உங்கள் 6 ஏக்கர் எந்தக் கண்மாய்க்கு நீர்ப்பிடிப்பு என்று முதலில் பாருங்கள். அது உங்கள் நிலம்தான், ஆனால் அதில் ஓடுகிற மழைத் தண்ணீருக்குக் கீழே கணக்கு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வைகைத்தம்பி:

சீமைக் கருவையை முழுசாக ஒழித்தாலே போதும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழை வராமல் செய்கிறது. அதனால்தான் ராமநாதபுரம் வறண்டது.

வனக்கல்லூரிப்பையன்:

தம்பி, இந்தச் செய்தி எல்லாருடைய போனிலும் சுற்றுகிறது, ஆனால் தவறு. இலை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேகத்தைக் கலைக்காது. ராமநாதபுரம் அந்த மரம் வருவதற்கு முன்பே வானம் பார்த்த பூமி. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கட்டும் என்றுதான் அந்த மரத்தையே அங்கே பரப்பினார்கள்.

அதன் உண்மையான கெடுதல் வேறு. வேர் மிக ஆழம் போகும். கண்மாயையும் வரத்துக்காலையும் அடைத்துக்கொள்ளும். அதன் கீழே வேறு செடி முளைக்காது. காயை ஆடு மாடு தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும், 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதும் அதனால்தான். ஆனால் அதே மரம்தான் அந்த மாவட்டத்தில் நிலமில்லாதவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கரிசல்மகள்:

தம்பிக்காக ஒன்று. அம்மாவின் உள்ளங்கையில் இன்றும் கருவை முள் ஏறிய தழும்பு ஒன்பது இருக்கிறது. எண்ணியிருக்கிறேன். அந்த மரத்தை அவர் திட்டாத நாள் இல்லை. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் எங்களுக்குச் சோறு போட்டது வேறு எதுவும் இல்லை.

பாய்லர்காரன்:

வணக்கம் சகோதரி. ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் 18 வருடமாகப் பாய்லர் பார்க்கிறேன். தினமும் டன் கணக்கில் விறகு எரிப்பவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம் ஈரம். வெட்டிய அன்றைக்குப் பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணீர். அதை அப்படியே உள்ளே போட்டால் வெட்டுமுகத்தில் நுரை தள்ளும், சீறும், புகைபோக்கியில் வெள்ளையாகப் போகும். நீராவி அழுத்தம் கண் முன்னால் இறங்கும். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. முழுக்க உலர்ந்த கட்டை கிலோவுக்குச் சுமார் 4,400 கிலோ கலோரி கொடுக்கும். ஈரம் 20 சதவீதம் என்றால் 3,400 போலக் கிடைக்கும். பாதி ஈரம் என்றால் 1,900தான். அதே மரம், அதே கிலோ.

இப்போது மின்சாரக் கணக்கு. 1 மெகாவாட் விறகு மின் நிலையம் வருடத்தில் 7,000 மணி நேரம் ஓடினால் 70 லட்சம் யூனிட். சின்ன நிலையங்களில் விறகின் சூட்டில் நாலில் ஒரு பங்குகூட மின்சாரமாக வராது. ஒரு யூனிட்டுக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ விறகு ஆகும். வருடத்துக்கு 9,000 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மண்ணும் நீரும் இருந்து ஹெக்டேருக்கு வருடத்துக்கு 10 டன் கட்டை எடுத்தால்கூட 900 ஹெக்டேர் வேண்டும். 2,200 ஏக்கருக்கு மேல். மானாவாரியில் அதைப்போல இரண்டு மடங்கு.

உங்கள் ஊரிலேயே கமுதியில் 2,500 ஏக்கரில் சூரிய மின் பூங்கா இருக்கிறது, 648 மெகாவாட். சரி, சூரியன் ராத்திரி இல்லை, மேகம் உண்டு. அதையும் கழித்துவிட்டே பார்ப்போம். 1 மெகாவாட் சூரியத் தகடு வருடத்துக்கு 15 லட்சம் யூனிட் தந்தாலே போதும், அந்த 70 லட்சம் யூனிட்டை 20 ஏக்கரில் எடுத்துவிடலாம். 2,200 ஏக்கர் எங்கே, 20 ஏக்கர் எங்கே? இலை தன் மேல் விழுகிற வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூடக் கட்டையாக மாற்றுவதில்லை. மின்சாரத்துக்காக மட்டும் என்றால் மரம் தகட்டோடு போட்டி போட முடியாது.

அப்படியென்றால் விறகே வீணா? கிடையாது. எனக்கு வேண்டியது நீராவி. சாயத் தொட்டியைக் கொதிக்க வைக்க வேண்டும். அதே விறகை நீராவிக்கு எரித்தால் சூட்டில் நூற்றுக்கு 70, 75 பங்கு வேலைக்கு வருகிறது. நெல் அவிக்கிற ஆலை, செங்கல் சூளை, தேயிலை உலர்த்துகிற இடம், வெல்லம் காய்ச்சுகிற ஆலை எல்லாமே அப்படித்தான். மின்சாரத்தில் இவ்வளவு சூட்டை உண்டாக்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. விறகுக்கு நியாயமான இடம் அங்கேதான் இருக்கிறது, அதுவும் பக்கத்தில். விறகு இலேசு, லாரி நிறைய அடைத்தாலும் எடை ஏறாது. 50, 60 கிலோமீட்டர் தாண்டி வருகிற விறகில் வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடுகிறது.

கரிமூட்டம் பற்றியும் மனசறிந்து ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். மண் மூட்டத்தில் 5 டன் விறகு போட்டால் 1 டன் கரி வரும். கரியில் கிலோவுக்கு 7,000 கிலோ கலோரி இருக்கும். கணக்குப் போட்டால் விறகில் இருந்த சூட்டில் பாதிக்கும் மேல் அந்த வெள்ளைப் புகையோடு போய்விடுகிறது. தூரம் கொண்டுபோகக் கரிதான் வசதி, உண்மை. ஆனால் பக்கத்தில் விறகாகவே வாங்க ஆள் இருந்தால் உலர்த்தி விறகாக விற்பது நல்லது.

வனக்கல்லூரிப்பையன்:

பாய்லர்காரன் அண்ணன் சொன்ன நிலக் கணக்கை நான் மறுக்கவில்லை. சுவீடனில் வில்லோ மரத்தை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெட்டுகிற தோட்டங்கள் போட்டார்கள். அங்கேயும் பெரும்பாலும் ஊருக்கு வெந்நீர் அனுப்புகிற வெப்ப நிலையங்களுக்குத்தான் போனது. மானியம் இருந்தவரை பரப்பு ஏறியது, மானியம் குறைந்ததும் புதிதாக நடுவது நின்றுவிட்டது. எரிக்கிற இடம் பக்கத்தில் இருந்த விவசாயிகள் மட்டும் தொடர்ந்தார்கள்.

கதியால்:

நான் வவுனியா. வாசிச்சுக்கொண்டே வந்தன், ஒரு விசயம் எல்லாரும் விட்டிட்டீங்கள். ஏன் 6 ஏக்கரையும் மரத்துக்குக் குடுக்க வேணும்? வேலியில வளருங்கோ.

எங்கட பக்கம் வேலியடைக்கக் கிளிசரியாத் தடியை வெட்டி ஊன்றுவது வழமை. கதியால் என்று சொல்லுவம். ஊன்றின தடி மழைக்கு வேர்விட்டு மரமாகிவிடும். நீங்கள் கிளைரிசிடியா என்று சொல்லுற அதே மரம்தான். மிளகுக்கொடிக்குத் தாங்குமரமாயும் தேயிலைக்கு நிழலாயும் தெற்கில நிறைய இருக்கு. 2005இல அரசாங்கம் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று இதை அறிவிச்சது. திருகோணமலையில ஒரு சீமெந்து ஆலை 10 மெகாவாட் நிலையம் வைச்சு உமியோட இந்த விறகையும் எரிக்குது. விறகு வெட்டி விக்கிறது எல்லாம் சின்னக் காணிக்காரர்தான்.

என்ர காணியில வேலி நீளத்துக்கு 300 கதியால் நிக்குது. நெஞ்சளவு உயரத்தில வெட்டுவன். தலையில திரும்பத் துளிர்க்கும். தடி விறகு. இலையைத் தென்னைக்கும் கத்தரிக்கும் பசளையாய்ப் போடுவன், மிச்சம் ஆட்டுக்கு. முதலில ஆடு அதின்ர மணத்துக்கு முகம் திருப்பும். வெட்டி ஒரு நாள் வாட விட்டுப் போட்டுப் பாருங்கோ, தின்னும். விறகு விலை விழுந்த வருசமும் எனக்கு இலை இருக்குது. அதால ஒருத்தற்ற விலைக்கும் நான் காத்திருக்கத் தேவையில்லை.

கடலூர்ச்சவுக்கு:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். உங்களுக்குத் தலை இலை, வால் விறகு. எனக்குத் தலை காகிதம், வால் விறகு. விறகே தலையாக இருக்கக் கூடாது.

கரிசல்மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து ராத்திரி முழுக்கப் படித்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

எடை போடுவது அவர்கள் கிடங்கு வாசலில். ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்குத் தகுந்தபடி எடையைக் கழிப்பார்கள். வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் எங்கள் கணக்கு. 12 வருடத்துக்கு வேறு யாருக்கும் விற்கக் கூடாது. விலையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘பரஸ்பரம் பேசி’ மாற்றலாம் என்று இருக்கிறது, பேச்சு முடியாவிட்டால் என்ன என்று இல்லை. அவர்கள் வாங்காமல் விட்டால் என்ன என்றும் இல்லை.

பாய்லர்காரன்:

சகோதரி, அந்த ஈரம் என்ற வரியில்தான் எல்லாம் இருக்கிறது. பாதி ஈரத்தோடு 10 டன் பச்சை மரம் வெட்டி அன்றைக்கே ஏற்றுகிறீர்கள். 30 சதவீத ஈரத்துக்குக் கழித்தால் உங்கள் சீட்டில் 7 டன் சொச்சம்தான் விழும். ஆனால் வெட்டினவருக்கும் வண்டிக்காரருக்கும் நீங்கள் 10 டன்னுக்குக் கூலி கொடுத்திருப்பீர்கள். தண்ணீரைச் சுமக்கக் கூலி உங்களுடையது.

யாருக்கு விற்றாலும் சரி, வெட்டி வயலிலேயே அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, இரண்டு மூன்று மாதம் வெயில் காற்றில் விடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பிறகு ‘உலர்ந்த விறகு’ என்று சொல்லி விலை பேசுங்கள். வண்டி கிளம்பும்போது உங்கள் ஊர் எடைமேடையில் ஒரு சீட்டு போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டு இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

புதுகைக்கண்மாய்:

கண்மாயைப் பார்த்தீர்களா?

கரிசல்மகள்:

பார்த்தேன். கிழக்கு ஓரம் 1 ஏக்கர் தண்ணீர் எங்கள் ஊர்ச் சின்னக் கண்மாய்க்குப் போகிறது. வரத்துக்காலில் எங்கள் கருவைதான் அடைத்து நிற்கிறது. இத்தனை வருடம் அது எங்கள் மரம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

வனக்கல்லூரிப்பையன்:

அக்கா, அந்த ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். மேலே வெட்டினால் தூர் ஒன்றுக்குப் பத்து, பதினைந்து குருத்து வரும். சாகடிக்க வேண்டும் என்றால் தரைக்குக் கீழே ஒரு அடியாவது தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். துளிர்க்கிற மொட்டெல்லாம் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கிறது.

முழுசாக எடுக்கப் பணம் இல்லையென்றால், வைத்திருக்கிற பகுதியைத் தோட்டமாக நடத்துங்கள். அது ஏற்கெனவே இருக்கிற விறகுப் பயிர்தான், நடவுச் செலவு இல்லாதது. தூருக்கு இரண்டு மூன்று நல்ல குருத்தை விட்டு மற்றதைக் கழித்தால் முள் புதராக இல்லாமல் கட்டையாகப் பருக்கும். காய் பழுத்து விழுவதற்குள் பறித்துவிடுங்கள், அல்லது ஆட்டை உள்ளே விடாதீர்கள். இல்லாவிட்டால் சுத்தம் செய்த நிலத்தில் ஆட்டுப்புழுக்கையோடு மறுபடி முளைக்கும்.

கதியால்:

கரிசலில தண்ணி நிக்கிற பள்ளத்தில கதியால் ஊன்ற வேண்டாம், அழுகும். வரப்பு மேட்டில ஊன்றுங்கோ. கைப்பிடி மொத்தத்தில, முற்றின தடியாய்ப் பாருங்கோ. அடி நுனியைச் சரிவாய் வெட்டவேணும், பட்டை உரியக் கூடாது. மழை தொடங்கினதும் ஊன்றினால் சரி.

கரிசல்மகள்:

ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. முகவர் மூன்று முறை வந்தார். வாங்காமல் விட்டால் என்ன என்ற இடத்தில் ஒரு வரி சேருங்கள் என்று கேட்டேன், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், எனக்கு வருத்தம் இல்லை.

கிழக்கு ஓரத்தையும் அதை ஒட்டிய 1 ஏக்கரையும் ஜேசிபி வைத்துத் தூரோடு எடுத்தோம். வரத்துக்கால் தெரிகிறது. ஐப்பசியில் முதல் மழைக்கே தண்ணீர் அதில் ஓடியதை அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்த தூரை மட்டும் ஒரு மூட்டம் போட்டோம், தூருக்குக் கரிதான் வழி, பிளக்க முடியாது. அந்தக் கரி ஜேசிபி வாடகையைக் கட்டியது, மிச்சம் ஒன்றும் இல்லை. கட்டையைப் பாய்லர்காரன் அண்ணன் சொன்ன மாதிரி அடுக்கி இரண்டரை மாதம் விட்டோம். பரமக்குடிப் பக்கம் நெல் அவிக்கிற ஆலை ஒன்று வாங்கிக்கொண்டது. இரண்டு எடைச் சீட்டுக்கும் வித்தியாசம் 40 கிலோ. ஆலைக்காரர் என் சீட்டைப் பார்த்துவிட்டு அதன்படியே கொடுத்தார். அடுத்த வருடமும் உலர்த்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

எடுத்த 2 ஏக்கரில் இந்தப் பட்டம் முண்டு மிளகாய். அம்மா போடுகிற பழைய 2 ஏக்கரோடு இப்போது 4. மீதி 2 ஏக்கர் கருவையை வைத்திருக்கிறோம், தூருக்கு இரண்டு குருத்து விட்டுக் கழித்தாயிற்று. அதற்கு மட்டும் நான்கு பெண்களுக்குப் பதினொரு நாள் வேலை இருந்தது.

வரப்பில் 180 கதியால் ஊன்றினேன். பள்ளத்தில் வைத்தது 30 அழுகியது, கதியால் அண்ணன் முன்கூட்டியே சொன்னதுதான், நான்தான் வேலி விட்டுப்போகக் கூடாது என்று வைத்துவிட்டேன். ஆடு கடித்தது கொஞ்சம். 112 பிழைத்திருக்கிறது. சிலது இப்போதே என் தோளுக்கு வந்துவிட்டது. இலையை அம்மா மிளகாய்க்குப் போட வேண்டும் என்கிறார். இப்போது வெட்டலாமா?

கதியால்:

வேண்டாம். முதல் வருசம் கத்தி வைக்காதேங்கோ, வேர் பிடிக்கட்டும். அடுத்த மழை தொடங்க முதல் நெஞ்சளவில வெட்டுங்கோ. அழுகின 30 இடத்துக்கு அந்தத் தடியையே திரும்ப ஊன்றலாம். பள்ளத்தில வேண்டாம், மண் ஏத்தி மேடாக்கிப்போட்டு ஊன்றுங்கோ.